கருவாட்டுத் தீவில் பெண் கொடுத்த கதை

ரங்கூன் ஆற்று வாடையில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். பர்மிய மொழியில் சொல்லச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் அது வேறு யாருக்கோ நடந்தது போல எனக்கே தோன்றுகிறது. நீங்கள் என்றால் அந்தச் சேற்றின் வாசனையையும், வெயில் ஏற ஏற அதில் காயும் இறாலின் வாடை கலப்பதையும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. ரங்கூன் துறைமுகத்தின் மங்கிப் பாயிண்டுக்குக் கீழே, ஆறு கடலைப் பார்த்து அகலமாகிற இடத்தில், ஒரு தீவு இருந்தது. கப்பல்காரர்களின் வரைபடத்தில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு என்று அப்பா சொல்வார். அங்கே குடியிருந்த சீனர்கள் தங்கள் பாஷையில் வேறு பெயர் சொன்னார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த நம்மவர்கள் எல்லோரும் கருவாட்டுத் தீவு என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இப்போது அது இல்லை. ஆறு கரைத்துக்கொண்டு போய்விட்டது.

தீவின் ஒரு முனையில், உயரமான மரச்சட்டத்தின் மேல், கப்பல்கள் மணல்திட்டில் ஏறாமல் இருப்பதற்காக ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். அதன் கண்ணாடியைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, மாலையில் ஏற்றிக் காலையில் அணைப்பது அப்பாவின் வேலை. விளக்கின் கீழேயே எங்கள் தகரக் கூரை வீடு. மறுமுனையில் சீன மீனவர்களின் வீடுகள், எல்லாம் மரக்கால் ஊன்றி நீருக்கு மேல் நின்றவை. நடுவில் அவர்களுடைய அம்மன் கோயில். தமிழ்க் குடும்பம் என்று இருந்தது நாங்கள் மட்டும்: அப்பா, அம்மா, நான். எனக்கு முன்னால் பிறந்த இருவரும் நடை பழகும் முன்பே போய்விட்டார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்க வேண்டிய வயதில் இருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு நடுக்கக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, பல் கிட்டிப்போகும் வரை உலுக்கிவிட்டுப் போகும். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூன்றாவதும் போகப் போகிறது என்று முடிவே செய்துவிட்டாள்.

அம்மா பிறந்த தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை தங்காத வீட்டில், நிறையப் பெற்று எல்லாவற்றையும் பிழைக்கவைத்த ஒரு பெண்ணிடம் பிள்ளையை விற்றுவிடுவார்கள். விலை, ஒரு முறம் தவிடு. அதற்குப் பிறகும் பிள்ளை பெற்றவளிடம்தான் வளரும். ஆனால் பேச்சுக்கு அது அடுத்தவளுடையது. காலன் வந்து வாசலில் நின்றால், இங்கே என் பிள்ளை யாரும் இல்லை என்று சொல்லலாம். பிள்ளை தேறிய பிறகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள்.

தீவில் தவிடு வைத்திருந்தவள் ஒருத்திதான். கோயிலுக்குப் பின்னால் பன்றி வளர்த்த சீன மீனவன் மனைவி. அகலமான முகம், வெயிலில் சிவந்த கன்னம், எப்போதும் முழங்கைக்கு மேல் சுருட்டிய கறுப்புச் சட்டை. புருஷனும் பெரிய பையன்களும் கண் வரைந்த படகில் கடலுக்குப் போனார்கள். கடைக்குட்டி மட்டும் வீட்டில் இருந்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். எல்லாம் ஆண்பிள்ளைகள், எல்லாம் பிழைத்தவை. அம்மா தேடிய ஆள் அவள்தான்.

என்னைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு அம்மா அவள் முற்றத்துக்குப் போனாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தைப் பர்மியப் பேச்சு. அதிலும் அம்மாவுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். 'பே' என்றால் கொடு என்று தெரியும். விற்பதற்கு என்ன சொல் என்று தெரியாது. சந்தையில் அவள் வாங்கியிருக்கிறாளே தவிர ஒருநாளும் எதையும் விற்றதில்லை.

அதனால் என்னை நீட்டிப் பிடித்து, "பிள்ளை, உனக்குக் கொடுக்கிறேன்" என்றாள். பிறகு பன்றித் தொட்டிப் பக்கம் கையைக் காட்டி, "தவிடு, எனக்குக் கொடு" என்றாள்.

சீனப் பெண் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஒரு முறம் தவிடு அள்ளி அம்மாவின் முந்தானையில் கொட்டினாள். பிறகு என்னை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தாள். கோயிலில் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. புகை, கன்னத்தில் பட்ட தரையின் குளிர்ச்சி, கழுத்தில் யாரோ கட்டிய சிவப்புக் கயிறு. இவ்வளவுதான்.

காய்ச்சல் நின்றது. அதே வாரம் அப்பா துறைமுக இலாகாவிலிருந்து காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா கடைசி வரை அந்த மாத்திரையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த சில மாதங்களைத்தான் நான் இத்தனை வயதுக்குப் பிறகும் நினைத்து நினைத்து ஏங்குகிறேன்.

சீனப் பெண் தன்னை 'அமே' என்று கூப்பிடச் சொன்னாள். பர்மிய மொழியில் அம்மா என்று பொருள். என்னை அவள் 'தமி' என்பாள், மகள். ஆகவே இனி அம்மா என்று எழுதினால் பெற்றவள், அமே என்று எழுதினால் அவள்.

காலையில் அம்மா தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவாள். மத்தியானம் அமே அதை அவிழ்த்துவிட்டு, ஏதோ மரத்தின் சீவல்களை ஊறவைத்த கொழகொழத்த தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, வேறு மாதிரி சீவி, காதுக்கு மேல் இரண்டு கொண்டைகளாகச் சுற்றிவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளிப்பாள்.

"என்னடி இது, தச்சுப் பட்டறையில படுத்து எழுந்தாப்ல?"

"அமே சீவிவிட்டாங்க."

"நல்லாத்தான் இருக்கு. அவுக்காதே, அப்பா பாக்கட்டும்."

இப்போதும் சீனத் தெருவில் வயதான பெண்கள் யாராவது என்னைக் கடந்து போகும்போது, அந்த ஊறிய மரச்சீவல் வாசனை வருமா என்று நின்று பார்க்கிறேன். வருவதில்லை. இப்போது எல்லோரும் புட்டியில் அடைத்த எண்ணெய்தான்.

அமே இறால் காயவைக்கும் பாய்களின் நடுவே எனக்கென்று ஒரு குட்டி மூங்கில் முக்காலி போட்டிருந்தாள். காக்கை விரட்டுவது என் வேலை. கடைக்குட்டிக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு முன்னால் அது அவன் முக்காலி.

"கலாமா, இன்னிக்கு எங்க பன்னி அழுதுச்சு தெரியுமா?" என்பான். கலா என்றால் பர்மிய மொழியில் இந்தியர், கலாமா என்றால் இந்தியப் பெண்.

"ஏன்?"

"அதோட சாப்பாட்டைக் குடுத்துத்தானே உன்னை வாங்கினோம். அரை வயித்தோட படுத்துக்கிச்சு. பன்னியா நீயான்னு கேட்டா நான் பன்னின்னுதான் சொல்லியிருப்பேன்."

"உன்னை யாரும் தவிட்டுக்குக்கூடக் கேக்கல."

ஒருநாள் அமே இதைக் கேட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று அவன் சொல்லித்தான் தெரிந்தது: அம்மா தவிடு கேட்டபோது, பாவம், இந்தக் கலா வீட்டில் கோழித் தீனி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் அமே நினைத்தாளாம். நான் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியவில்லை.

சீனப் புதுவருடம் வந்தது. முதல் நாள் யாரும் வீடு கூட்டவில்லை. கூட்டினால் வருடத்தின் நல்லதெல்லாம் வெளியே போய்விடுமாம். இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த மகள்கள் தாய் வீட்டுக்கு வருகிற நாள். அக்கம்பக்கத்தில் சம்பான் படகுகள் வந்து வந்து ஒதுங்கின. சிவப்புச் சட்டை போட்ட பெண்கள் குழந்தையும் கூடையுமாக இறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சத்தம். அமே வீட்டு வாசலில் மட்டும் ஒருவரும் இல்லை. அவளுக்குத்தான் மகள் இல்லையே.

அமே என் இரண்டு கையிலும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்தாள். பலகைப் பாலத்தின் கோடி வரை என்னை அனுப்பி, அங்கிருந்து திரும்பி வரச் சொன்னாள். நான் வந்தேன். வாசலில் அவள் நின்றாள். என்னை அன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், நெடுந்தூரத்திலிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வந்துட்டியா? வழியில அலை அதிகமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

அவள் பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அடுப்பங்கரையில் சற்று நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு ஆமை அச்சில் தட்டிய சிவப்பு மாவுப் பலகாரத்தை, உள்ளே இனித்த பாசிப்பயறு வைத்தது, வாழை இலைத் துண்டோடு என் கையில் வைத்தாள். அந்தப் பலகாரம் இன்றும் கிடைக்கிறது. வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அடியில் ஒட்டிய இலையின் வாசனைகூட அப்படியே இருக்கிறது. ஆனாலும் அது இல்லை.

அன்று எண்ணெயும் அரிசியும் கொண்டுவரும் இலாகா லாஞ்சு வந்திருந்தது. அதை ஓட்டிவந்த செராங் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், அப்பாவுக்குப் பழக்கம், வாய் ஓயாத வேடிக்கைக்காரர். நான் பழத்தோடு பாலத்தில் வந்ததை அவர் பார்த்துவிட்டார். விளக்கடியில் வந்து உட்கார்ந்ததும் தொடங்கினார்.

"என்னா விளக்குக்காரரே, தீவுல பொண்ணு குடுத்திருக்கியளாமே! கலியாணச் சோறு எங்கே?"

"என்ன பேச்சு இது?" என்றார் அப்பா.

"இந்தச் சீனங்கள்ல ஒரு பழக்கம் இருக்குங்க. சின்னதுலயே ஒரு பொண்ணை வாங்கி வீட்டுல வளத்து, பெரிசானதும் மவனுக்கே முடிச்சுருவாங்க. செலவு மிச்சம் பாருங்க. அந்தக் கடைக்குட்டிப் பயலுக்குத்தான் போலருக்கு. மாப்புள்ள நல்லாத்தான் இருக்கான், மூக்குதான் கொஞ்சம் ஒழுகுது."

அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலை போட்டார். அப்பா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "நீ அவகிட்ட என்னன்னு சொல்லிக் குடுத்தே?"

"வித்தேங்க. தவிட்டுக்கு."

"எந்த வார்த்தையில சொன்னே?"

அம்மா சொல்லிக் காட்டினாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் பழகிய நல்ல பர்மியப் பேச்சு தெரியும். அவர் முகம் மாறியது.

"அறிவிருக்காடி உனக்கு? விக்கிறதுன்னா வேற வார்த்தை. நீ குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கே. பொண்ணைக் குடுத்துட்டேன்னு!"

பெண்ணைக் கொடுத்தேன் என்றால் நம் பேச்சில் அதற்கு ஒரே பொருள்தான். அப்பாவின் காதில் அது அப்படித்தான் விழுந்தது. அன்று மாலை அவர் விளக்கின் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், இருட்டும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

இதில் ஒன்றை நான் பதிவு செய்ய வேண்டும். செராங் சொன்ன பழக்கம் பொய் இல்லை. அப்படி வளர்ந்த பெண்களை நானே பிற்பாடு பார்த்திருக்கிறேன். ஆனால் அமே என்னை மருமகள் என்று ஒரு நாளும், விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை. தமி என்றாள். அப்பா அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை. அவமானம் என்று நினைத்திருப்பார். அவர் செய்தது வேறு: கரைக்கு மாற்றல் கேட்டு எழுதினார், என்னைச் சீனக் குடியிருப்புப் பக்கம் போகக்கூடாது என்றார்.

நான் விளக்கடியிலிருந்து பார்ப்பேன். தூரத்தில் பாய்களின் நடுவே அந்த முக்காலி காலியாக இருக்கும். கடைக்குட்டி அதில் உட்காரவில்லை. அமேயும் அதை எடுக்கவில்லை.

மாற்றல், வெயில் உச்சத்தில் இருந்தபோது வந்தது. சீனர்களின் அம்மனுக்குப் பிறந்தநாள் திருவிழா நடக்கும் அன்றே லாஞ்சு வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அம்மாவுக்கு வேறொரு பயம். விற்ற பிள்ளையை மீட்காமல் கொண்டுபோனால் அது நிலைக்காது. தண்ணீரைத் தாண்டியாவது காய்ச்சல் பின்னால் வரும்.

"மீட்டுட்டுத்தான் படகுல ஏறுவேன்" என்றாள் அப்பாவிடம்.

"பைத்தியக்காரத்தனம்."

"ரெண்டைப் பறிகுடுத்தது நான். உங்களுக்கு விளக்கு இருந்துச்சு, பாத்துக்கிட்டு நின்னீங்க. எனக்கு என்ன இருந்துச்சு?"

அப்பா எழுந்து விளக்கேற்றப் போனார்.

செராங்கிடம் சொல்லிவைத்துக் கரையிலிருந்து வாங்கிய தவிட்டை முறத்தில் எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அம்மா போனாள். அமே பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அம்மா அப்பாவிடம் கேட்டுச் சரியான சொல்லைப் படித்துக்கொண்டு போயிருந்தாள். "வித்தேன். இப்ப வாங்கிக்கிறேன்" என்றாள்.

அமே உலக்கையை வைத்தாள். முறத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மெதுவாக, அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னாள்:

"நீ வித்தேன்னு சொல்லலியே. குடுத்தேன்னு சொன்னே. நான் வெச்சுக்கல. மாச்சோகிட்டக் குடுத்துட்டேன். கயிறு அவ கட்டினது."

மாச்சோ என்பது அவர்களுடைய கடலம்மன்.

"அப்ப என் பிள்ளை?" என்றாள் அம்மா.

"மாச்சோவோட பிள்ளை. நான் பாத்துக்கிறவ, நீ பெத்தவ. வித்ததுன்னா நானே திருப்பிக் குடுத்துருவேன். குடுத்ததை அவதான் குடுக்கணும்." உலக்கையை மறுபடி எடுத்துக்கொண்டு, "திருவிழா அன்னிக்கு வா. கேக்கலாம்" என்றாள். தவிட்டை அவள் தொடவில்லை.

திருவிழாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை. படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கண்ணிலும் புதிதாகக் கறுப்பும் வெள்ளையும் பூசி, மூக்கில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். காலையிலேயே மாச்சோவைப் பல்லக்கோடு ஒரு படகில் ஏற்றித் தீவைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பின்னால் எல்லாப் படகும் தாளம் தட்டிக்கொண்டு போயின. தண்ணீரின் மேல் வெடியின் சிவப்புக் காகிதம் செதில் செதிலாக மிதந்தது. கோயிலுக்கு எதிரே மேடை கட்டிப் பொம்மலாட்டம் வைத்திருந்தார்கள். பொம்மைகள் ஜனங்களைப் பார்த்து ஆடவில்லை, கோயிலைப் பார்த்து ஆடின. ஆட்டம் அம்மனுக்கு, நாம் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கடைக்குட்டி கூட்டத்தில் என் தலையில் குட்டிவிட்டு, "கலாமா, போறியா? போ போ. பன்னிக்கு இனிமே வயிறு நிறையும்" என்றான். சொல்லிவிட்டுப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றான்.

கோயிலுக்குள் மாச்சோ மணி தொங்கும் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தாள். புகையால் முகம் கறுத்திருந்தது. இரு பக்கமும் இரண்டு பூதங்கள். ஒன்று கண்ணுக்கு மேல் கை வைத்துத் தூரத்தைப் பார்த்தது. மற்றது காதருகே கையைக் குவித்துக் கேட்டது. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் ஒன்று பார்த்துவிடும், மற்றது கேட்டுவிடும். இரண்டும் மாச்சோவிடம் சொல்லிவிடும். "நம்ம ஊர் ஐயனார் கோயில் பூதம் மாதிரியே இருக்குடி" என்று அம்மா கும்பிட்டாள். அப்பா உள்ளே வரவில்லை. வாசலில் டிரங்குப் பெட்டியின் பக்கத்தில் நின்றார். லாஞ்சு வந்து ஊதியது.

கேட்பதற்கு அவர்களிடம் இரண்டு மரத்துண்டுகள் உண்டு. பிறை வடிவம், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் முதுகு போல உருண்டை. முழங்காலிட்டுக் கேள்வியைச் சொல்லித் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று முதுகு காட்டியும் விழுந்தால் சம்மதம். இரண்டும் தட்டையாக விழுந்தால் மாச்சோ சிரிக்கிறாள், பதில் இல்லை. இரண்டும் முதுகு காட்டினால் மாட்டேன் என்கிறாள். மூன்று முறைதான் கேட்கலாம். எனக்கு முன்னால் ஒருவர் வலையைப் பற்றிக் கேட்டார், ஒருவர் பெண் பார்ப்பதைப் பற்றிக் கேட்டார். கடைக்குட்டிதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினான்.

பிறகு அமே முழங்காலிட்டாள். என்னை ஒரு பக்கமும் அம்மாவை ஒரு பக்கமும் உட்காரவைத்தாள். ஏதோ நீளமாகச் சொன்னாள். போட்டாள்.

இரண்டும் முதுகு காட்டின. கூட்டத்தில் ஒரு முனகல்.

மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சுருக்கமாக. போட்டாள். இரண்டும் தட்டை. சிலர் சிரித்தார்கள். மாச்சோவும் சிரிக்கிறாள் என்று கோயில்காரர் சொன்னார்.

அம்மாவுக்கு அர்த்தம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அமேயைத் தாண்டி எட்டி என் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தமிழிலேயே, "அக்கா, என் பிள்ளையக் குடுக்கச் சொல்லுக்கா. செத்துப் போயிரும்க்கா" என்று அழுதாள். வாசலிலிருந்து அப்பா, "அவுங்க சாமி என்ன சொன்னாலும் சரி, படகு போகும். பிள்ளையோடதான் போகும்" என்றார். அவர் பர்மிய மொழியில் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது.

அமே அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை என் காலில் இருந்ததைப் பார்த்தாள். மூன்றாவது முறை அவள் ஒன்றுமே சொல்லவில்லை. மரத்துண்டுகளைச் சற்று வேகமாக வீசினாள். அவை தரையில் துள்ளிப் படையல் மேசையின் சிவப்புத் துணிக்கு அடியில் போய்விட்டன.

நான் உட்கார்ந்திருந்த உயரத்துக்குத் துணியின் அடி எனக்குத் தெரிந்தது. இரண்டும் முதுகைக் காட்டிக் கிடந்தன.

அமே முழங்காலாலேயே நகர்ந்து வந்து துணியை விலக்கிக் குனிந்தாள். அவள் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மூக்கின் மேல் வியர்வை. மரச்சீவல் வாசனை. அவள் மரத்துண்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் ஒன்றைப் புரட்டிப் போட்டாள்.

"வந்து பாருங்க" என்று கோயில்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். வெளியே யாரோ வெடியைக் கொளுத்தினார்கள். அம்மா அமேயின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அமே என் கழுத்துக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான் தூரம் பார்க்கிற பூதத்தைப் பார்த்தேன். அது எப்போதும்போல வாசலுக்கு வெளியே, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கடலில்தான் அமேயின் புருஷனும் பெரிய பையன்களும் நாளைக்கு வலை போடப் போக வேண்டும். அவர்கள் திரும்புவது மாச்சோ மனம் வைத்தால்தான் என்று நம்பியவள் அவள். அதைப் புரிந்துகொள்ளும் வயது எனக்கு அப்போது இல்லை என்று சொல்லமாட்டேன். புரிந்தது. அதனால்தான் பூதத்தைப் பார்த்தேன்.

லாஞ்சு கிளம்பியபோது அமே துறைக்கு வரவில்லை. கடைக்குட்டி வந்தான். கையை வீசாமல் நின்றான்.

ரங்கூனில் எங்களுக்கு, மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில், ரயில் பாதைக்குப் பின்னால், ஒரு வீடு கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். அந்த வருடம் மழைக்காலம் கடுமையாக வந்தது. காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடிக்கும்போதெல்லாம் நான் ஜன்னலில் போய் நிற்பேன். "என்னடி பாக்கறே?" என்று அம்மா கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். அமேயின் பையன்களை மூத்தவனிலிருந்து வரிசையாக நினைத்துக்கொள்வேன். தூரம் பார்க்கிற அந்தப் பூதத்திடம், கண்டதைக் காணாதது மாதிரி இருந்துவிடு என்று கேட்டுக்கொள்வேன். அமேயை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் செராங் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். மீன் குழம்பு.

"தீவுல எல்லாரும் சொகந்தானாண்ணே?" என்றாள்.

"சொகந்தான் தங்கச்சி. இவ்வளவு காத்துலயும் அத்தன போட்டும் முழுசாத் திரும்பிருச்சு." அவர் ஒரு கவளம் சாப்பிட்டார். "ஒரு கூத்தக் கேளுங்க. அந்தப் பன்னி வளக்குற சீனத்தி இருக்கால்ல? திருவிழா முடிஞ்ச அன்னிலேருந்து மீனு இறாலு எதையும் வாயில வைக்கிறதில்லயாம். வெறுஞ்சோறும் கீரையுந்தான். மீன்காரன் பொஞ்சாதி! தீவு முழுக்கச் சிரிக்குது."

"ஏனாம்?" என்றார் அப்பா.

"வேண்டுதலாம். யாரு கேட்டாலும் ஒரே பதிலு. மவ கரைக்குப் போயிருக்கா, மாச்சோ கோவிச்சுக்காமப் பாத்துக்கணும், அப்டிங்கிறாளாம்." செராங் தொடையில் தட்டிச் சிரித்தார். "அவளுக்கு ஏது மவ? எல்லாம் ஆம்பளப் புள்ளையாப் பெத்தவ!"

தான் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சில் ஒரு குடும்பம் கரை மாறியது அவருக்கு நினைவே இல்லை. அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அம்மாவின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. நான் சொல்லாமலே அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்துவிட்டு, என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"இருக்காண்ணே" என்றாள். "அவளுக்கு ஒரு மவ இருக்கா."